காப்பிக் கடை எஸ்டிமேட்டில் வெட்டிப்போட்ட அடுப்பு

சுகந்தி, பிரதீப், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மேசன் கரண்டியும் மட்டப் பலகையும் பிடித்தவன் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

போன கிழமை புளத்கொகுபிட்டியவில் இருந்து ஒருவர் காப்பிக் கடை போட வேண்டும் என்று போனில் கேட்டாராம். நீங்கள் வாட்ஸ்அப்பில் நாலைந்து படம் வாங்கிப் பார்த்துவிட்டு, சோறு வேகிற நேரத்துக்குள் எஸ்டிமேட் அனுப்பிவிட்டீர்களாம். உங்கள் அம்மா பெருமையாகச் சொன்னாள். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

உங்களைக் குறை சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டரில் போட்ட எஸ்டிமேட் அழகாகத்தான் இருந்தது. நானெல்லாம் சீமெந்துப் பையைக் கிழித்து அதன் உட்பக்கத்தில் எழுதிக் கொடுத்தவன். ஆனால் அந்தக் கடைக்கு யார் வரப்போகிறார்கள், வந்து எதைக் குடிக்கப்போகிறார்கள், மழைக்கு எங்கே குடையை மடக்கப்போகிறார்கள் என்பதைப் பற்றி உங்கள் எஸ்டிமேட்டில் ஒரு வரியும் இல்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

பெல்மதுளைச் சந்தியைச் சுற்றி சலூன், பேக்கரி, மருந்துக் கடை, போன் கடை என்று கடைகளுக்கு உள்வேலை செய்தே முழங்கால் தேய்ந்தவன் நான். காப்பிக் கடை என்று செய்தது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த ஆளின் பெயரை எழுத மாட்டேன். கட்டாரில் இருந்து வந்தவர், கட்டார் தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவர். டோஹாவில் ஒரு பெரிய காப்பிக் கடையில் மெஷினில் நின்றவர். லீவில் வந்திருந்தார். திரும்பிப் போக டிக்கெட் கையிலேயே இருந்தது. மனைவி தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு பெண் குழந்தை. அது பிறந்ததில் இருந்து அப்பாவைப் போனில்தான் பார்த்திருக்கிறது.

முதல் நாள் நான் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனபோது அந்தக் குழந்தை போனைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"அம்மா, போன்ல அப்பாவக் காணோம்."

"அந்தா உக்காந்திருக்காரே, பாரு."

"அது மாமா. நான் அப்பாவக் கேட்டேன்."

கட்டார் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வந்து ரெண்டு கிழமையாச்சு பாஸ். இன்னும் பிரமோஷன் கிடைக்கல."

நம்மை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பாஸ் என்றுதானே கூப்பிடுகிறார்கள். மேசனும் பாஸ், தச்சரும் பாஸ். அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும், சொல்லிவிட்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை ஓடினால் அவர் இங்கே. பணம் பாதியில் முடிந்தாலோ, திறந்த கடைக்கு ஆள் வராவிட்டாலோ மறுபடியும் பிளேன். அதுதான் நிலைமை.

அவர் கேட்டதை எல்லாம் எழுதினேன். வெள்ளை சோபா வேண்டும். மங்கலான மஞ்சள் பல்பு வேண்டும். சுவரில் பூச்சைக் கொத்தி எடுத்து உள்ளே இருக்கிற செங்கல் தெரிய வேண்டும். வாழ்நாள் முழுக்கச் செங்கல் தெரியாமல் பூசியே சாப்பிட்டவனிடம் வந்து இதைக் கேட்கிறார்!

"தம்பி, அது செங்கல் சுவரே இல்ல. சீமெந்துக் கல்லு. கொத்தினா புறாக்கூடு மாதிரிதான் தெரியும்."

"அப்ப செங்கல் மாதிரி ஒட்டலாமா பாஸ்?"

"ஒட்டலாம். பூச்ச கொத்துறதுக்கு ஒரு கூலி, செங்கல் ஒட்டுறதுக்கு ஒரு கூலி. கடைசியில பாக்கிறவன், பூச மறந்துட்டாங்கன்னு சொல்லுவான்."

சோபா விஷயத்திலும் இப்படித்தான். பெல்மதுளையில் கையில் காசோடு கடைக்குள் வருகிறவன் யார்? மாணிக்கக் குழியில் இருந்து ஏறி வருகிறவன். இடுப்பு வரைக்கும் சேறு. "அவன் உங்க வெள்ளை சோபாவுல ஒருக்கா குந்தி எந்திரிச்சா, அப்புறம் அந்த சோபாவையே அரிச்சுக் கல்லு தேடலாம் தம்பி" என்றேன். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கட்டார் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றையும் கூட்டியபோது அவரிடம் இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு வந்தது. வெட்ட வேண்டும்.

இங்கேதான் கவனியுங்கள். வெட்டச் சொன்னால் கடைக்காரர் எப்போதும் கண்ணுக்குத் தெரியாததில்தான் கை வைப்பார். இவரும் மெஷினுக்கு இழுக்க வேண்டிய தடித்த வயர் எதற்கு, தண்ணீருக்கு ஃபில்டர் எதற்கு, கழுவுநீர் போகிற குழாயைச் சின்னதாகப் போடலாமே என்றுதான் ஆரம்பித்தார். நான் விடவில்லை. சோபாவை அடுத்த வருடம் வாங்கலாம். சுவருக்குள் போன வயரை அடுத்த வருடம் மாற்றுவதென்றால் சுவரையே உடைக்க வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதும் உங்கள் மஞ்சள் பல்பை இல்லை, கழுவுகிற இடத்தைத்தான். அதனால் வெளியே தெரிவதை எல்லாம் வெட்டினோம். சோபா போனது, செங்கல் போனது. சுவரில் ஆங்கிலத்தில் எழுதவிருந்த பெரிய வாசகம் போனது. அதில் மட்டும் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

மனைவி அதுவரைக்கும் ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"பின்னால தாழ்வாரத்துல ஒரு சின்ன வெறகடுப்பு வச்சா என்னங்க? கேஸ் இல்லாம நாங்க அலைஞ்சத போன்ல சொன்னேனே, மறந்துருச்சா?"

"காப்பிக் கடையில வெறகடுப்பா? டோஹாவுல சொன்னா சிரிப்பானுங்க."

"டோஹாக்காரங்களா வந்து குடிக்கப் போறாங்க? நம்ம சனம் காப்பி குடிக்கிறதே வயித்தால போனாத்தான். தேசிக்காய் புழிஞ்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுப்பையும் வெட்டினால்தான் கணக்கு அவர் கையில் இருந்த பணத்துக்குள் வந்து நின்றது. வெட்டினேன். அந்த அம்மா உள்ளே போய் எனக்குப் பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார்.

வேலை நன்றாகவே நடந்தது. தெற்குக் கடற்கரையில் மூடிப்போன ஒரு ஹோட்டலில் இருந்து பழைய காப்பி மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். லொறியில் இருந்து இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. இறக்கிய நாளில் இருந்து அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மனைவி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு ஈரத்துணி போட்டிருப்பாரா, கேளுங்கண்ணே" என்றார். "அப்ப நான் கட்டார்ல இருந்தேன்" என்றார் இவர். "அதத்தான் சொல்றேன்" என்றார் அவர்.

கடைச் சொந்தக்காரர் ஒரு சிங்கள முதலாளி. மாணிக்கக் கல் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். தமிழும் பேசுவார், அவருடைய தமிழ். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. திறக்கிற அன்று அந்தக் கட்டிடத்துக்குள், சுபநேரத்தில், புதுப் பானையில் பால் பொங்கி வழிய வேண்டும். அந்தச் சுபநேரத்தைச் சிங்களத்தில் நெகத என்பார்கள். பால் வழிந்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து. முன்னால் இருந்த வாடகைக்காரர் பால் பொங்காமல் கடை திறந்து, நாலு மாதத்தில் சொல்லாமல் ஓடிவிட்டாராம்.

இதிலும் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னால் அடுத்தவர் கட்டிடத்தில் ஓர் ஆணிகூட அடிக்க விடாதீர்கள். இங்கே கடைக்குள் டைல் ஒட்டி, வயர் இழுத்து, மெஷினை ஏற்றி வைத்துவிட்டு, எல்லாருடைய தலையும் ஒரு பானைப் பாலுக்குள் இருந்தது.

திறக்கிற நாள் காலையில் மழை என்றால், இரத்தினபுரிப் பக்கத்து மழை. எதிரில் இருக்கிற கடை தெரியவில்லை. வாசலில் மூட்டுவதாக இருந்த நெருப்பை வாசலில் மூட்ட வழியில்லை. உள்ளேயோ அடுப்பே இல்லை. எல்லாம் கரண்டில் ஓடுகிற கடை. முதலாளி வெள்ளைச் சாரம் கட்டி, கையில் ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்து நின்றார். முதலாளியின் டிரைவர் வாசலில் குடைக்குக் கீழே வெடிக்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். பால் பொங்கியதும் கொளுத்த வேண்டும்.

கட்டார் தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. "முதலாளி, மெஷின்ல ஸ்டீம் இருக்கு. பால அதுல பொங்க வச்சுரலாம்." சொல்லிக்கொண்டே எவர்சில்வர் கோப்பையில் பாலை ஊற்றி, மெஷினின் ஆவிக் குழாயை உள்ளே விட்டார். சர் என்று சத்தம். நுரை ஏறி வழிந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். "தம்பி, இது பொங்குற இல்ல. இது சவர்க்காரம் போட்டு ஊதுற."

"வழிஞ்சுதே முதலாளி!"

"வழிஞ்சா சரியா? என்ட வீட்டு வாஷிங் மெஷினும் வழியும். நெருப்பு வேணும். பானை வேணும். நெகத போகுது!"

கட்டார் தம்பியின் மாமியாரும் முதலாளி பக்கம் சேர்ந்துவிட்டார். "நுரைய வச்சு சாமிய ஏமாத்தப் பாக்கிறியா மாப்ள?"

கழுவுகிற தொட்டி கட்டி மிஞ்சிய மூன்று செங்கல் ஒரு மூலையில் கிடந்தது. எடுத்துவந்து கடையின் நடுவில் வைத்தார்கள். புதுப்பானை ஏறியது. விறகு ரப்பர் விறகு, ஈரம். நான் சொன்னேன், "டைலுக்கு மேல நெருப்ப வச்சா டைல் வெடிக்கும். கீழ கொஞ்சம் மண்ணாவது போடுங்க." மண்ணுக்கு அந்த மழையில் எங்கே போவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டைல் ஒட்டியவன் நான். வெடித்தால் பெயர் கெடுவது எனக்கு. முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். சில நேரத்தில் நம் வேலை கெட்டுப்போவதை நாமே பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். "மூட்டுங்க" என்றேன்.

நெருப்பு வந்ததோ இல்லையோ, புகை வந்தது. நான் முந்தாநாள் வெள்ளை அடித்த சீலிங் கண் முன்னாலேயே சாம்பல் பூனை நிறத்துக்கு வந்தது. கண்ணீர் விடாதவர்கள் யாரும் இல்லை. மாமியார் ஊதுகிறார், மனைவி விசிறுகிறார், பால் சும்மா இருக்கிறது. நெகத முடியப் போகிறது என்று முதலாளி சொல்லச் சொல்ல, பால் இன்னும் அமைதியாக இருந்தது.

அப்போதுதான் டைல் வெடித்தது.

டமார் என்று ஒரு சத்தம். வாசலில் குடையோடு நின்ற டிரைவர் அதைப் பால் பொங்கிய ஆரவாரம் என்று நினைத்து வெடியைக் கொளுத்திவிட்டார். பட பட பட என்று வெடி. வெடிச் சத்தம் கேட்டதும் முதலாளி, பால் பொங்கிவிட்டது என்று நம்பி, முறைப்படி விளக்கேற்றத் திரும்பினார். அவருடைய முதுகு எங்கள் பக்கம். பால் இன்னும் பொங்கவில்லை!

நான் செய்தது ஒன்றுதான். பானைக்கும் முதலாளிக்கும் நடுவில் போய் நின்றேன். என் உடம்பு அப்போது இப்போதைவிட அகலம். திரும்பிக் கட்டார் தம்பியைப் பார்த்தேன். அவர் கையில் இன்னும் அந்த நுரைக் கோப்பை இருந்தது. ஒரே ஓட்டம். ஆறிப்போன நுரையை, விளிம்புவரை பால் நிறைந்திருந்த பானையில் அப்படியே கவிழ்த்தார்.

அந்த நேரம் வாசலில் குழந்தை வீரிட்டது. புகையையும் வெடியையும் பார்த்துப் பயந்து, யாருடைய கையிலோ இருந்து திமிறிக்கொண்டு கத்தியது: "அப்பா உள்ள! அப்பா உள்ள இருக்காரு!"

கட்டார் தம்பி கோப்பையைக் கவிழ்த்தபடியே அசையாமல் நின்றுவிட்டார். மனைவிதான் சுதாரித்துக்கொண்டு, "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று கூவினார். முதலாளி திரும்பிப் பார்த்தபோது, பானையின் நாலு பக்கமும் வெள்ளை வெளேர் என்று வழிந்து, செங்கலில் பட்டுச் சீறிக்கொண்டிருந்தது. "சாது, சாது" என்று கும்பிட்டார். மாமியார் குலவை போட்டார். யாருடைய பால் பொங்கியது என்று சாமியிடம்தான் கேட்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டாயிற்று. கட்டார் தம்பி புகையில் சிவந்த கண்ணோடு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "கேட்டீங்களா பாஸ்? பிரமோஷன்."

மழை விட்டதும் முதலாளியைக் காருக்குக் கூட்டிப்போனேன். அவர் வழியில் நின்றார். "பாஸ், அந்தப் பால் எனக்கும் குடுத்தது தானே. சுடவே இல்ல."

நான் கார்க் கதவைத் திறக்க முந்திப் போனேன்.

"பயம் வேண்டாம். முந்தி இருந்த ஆள்கிட்ட பால் பொங்கச் சொன்னேன். நேரம் இல்ல முதலாளி சொல்லிட்டான். இவன் ஒரு பானை வழியுறதுக்கு எவ்வளோ ஓடினான்! இப்படி ஓடுற ஆள் வாடகை தருவான்."

கடை போடுகிறவனை எப்படி எடைபோடுவது என்று எனக்கு யாரும் இதைவிட நன்றாகச் சொன்னதில்லை. சொன்னவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பெயரையும் எழுதவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பால் பொங்கியதே தவிர வியாபாரம் பொங்கவில்லை. கல் புரோக்கர்மார் வந்து உட்கார்ந்தார்கள். காப்பியின் விலையைக் கேட்டுவிட்டு, "ப்ளேன்டீ இருக்கா?" என்றார்கள். "இது காப்பிக் கடை" என்பார் இவர், கொஞ்சம் நிமிர்ந்து. அவர்கள் எழுந்துவிடுவார்கள். அவர் திரும்பிப் போக வேண்டிய பிளேன் நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் என்னிடம் வந்தார்.

"சோபா வச்சிருக்கணும் பாஸ். அதனாலதான் ஆள் வரல."

நான் வாக்குவாதம் பண்ணவில்லை. மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு போய், கடைக்கு எதிரில் இருக்கிற பஸ் தரிப்பிடத்தில் உட்கார வைத்தேன். கடையில் அவருடைய மனைவி நின்றார். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம். உண்மையைச் சொன்னால், எஸ்டிமேட் எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது.

இரண்டு பொம்பளைகள் குடையோடு வந்து நின்றார்கள். காற்று காப்பி வாசனையைக் கொண்டுவந்தது.

"யாருக்கோ வயித்தால போகுது போல" என்றார் ஒருவர்.

"இல்லக்கா, அங்க புதுசா ஏதோ மருந்துக் கடை தொறந்திருக்காங்க. கண்ணாடி எல்லாம் போட்டு."

"நமக்கு ஒரு தேத்தண்ணி கிடைச்சாப் போதும். இந்தக் குளிருக்கு."

"அங்கிட்டு பேக்கரிக்குப் போவோம். இஞ்சி போட்டுத் தருவான்."

போய்விட்டார்கள். பின்னால் வந்த பாடசாலைப் பிள்ளைகள், மாணிக்கக் குழிக்காரர்கள், எல்லாரும் பேக்கரிக்கே போனார்கள். கட்டார் தம்பி தன் கடையையும் பேக்கரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பாஸ், தேத்தண்ணி போட அந்த அடுப்புக்கு எவ்வளவு ஆகும்?"

"அத வெட்டிட்டோமே தம்பி. இப்ப அது எஸ்டிமேட்லயே இல்லையே."

"வெட்டினது எனக்குத் தெரியும். இப்ப கட்டப் போறத அவளுக்கு நீங்க சொல்லிறாதீங்க. நானே சொல்லிக்கிறேன்."

அதனால்தான் பிள்ளைகளே, நாளைக்கே பஸ் ஏறுங்கள். புளத்கொகுபிட்டியவுக்குப் போய் அந்தக் கடைக்கு எதிரில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். அனுப்பிய எஸ்டிமேட்டைத் திருத்தி அனுப்புவது கேவலம் இல்லை. வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு வெட்டாதீர்கள். உள்ளே நெருப்பு மூட்ட ஓர் இடமும், உபரியாக நாலு டைலும் எப்போதும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அடுப்பை நான் ஒரு போயா தினத்தில், பௌர்ணமி விடுமுறையில் கட்டினேன். கடை பூட்டியிருந்தது. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டார் தம்பி மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரத்தினபுரிக்கு ஊர் சுற்றப் போயிருந்தார். அன்றைக்குத்தான் அவருடைய பிளேன். அது அவர் இல்லாமல் போனது.

செங்கல் வாங்க நான் எங்கும் போகவில்லை. திறப்பு நாளில் பானை தாங்கிய அந்த மூன்று செங்கலும் பின்னால் கிடந்தன. கரி பிடித்து, ஒரு பக்கம் பால் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. அதையே மூலைக்கு வைத்து, மீதிக்கு வீட்டில் இருந்து கொண்டுபோன கல்லை வைத்து, மண் குழைத்துக் கட்டினேன். மாற்றுவதற்கென்று ஒரு டைலும் கொண்டுபோயிருந்தேன். வெடித்த டைலைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மாற்றாமல் விட்டுவிட்டேன்.

பிறகு ஈரம் காயட்டும் என்று சின்னதாக நெருப்பு மூட்டினேன். புகை நேராக மேலே போனது. அத்தனை பெரிய மெஷின் உள்ளே பளபளவென்று நிற்க, அந்த அடுப்பில் கேத்தலை வைத்து எனக்கு ஒரு வெறுந்தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டு, நின்றபடியே குடித்தேன். கிளாஸைக் கழுவி, மெஷின் பக்கத்தில் கவிழ்த்துவைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.